தகுதியின் பெயரால் தமிழுக்கு இட்ட தாழ்

ஒரு மக்களினத்திற்கு மருத்துவம் செய்பவர் யாராக இருத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது? நோயுறும் மக்களுக்கும் அம்மக்கள் அமர்த்திய அரசுக்கும் உரியதா? அன்றி, அம்மக்களின் மொழியும் அறியாது ஊரும் அறியாது தில்லியில் அமர்ந்து வினாத்தாள் அச்சிடும் ஒரு முகமைக்கு உரியதா? 'நீட்' என்னும் நுழைவுத் தேர்வைப் பற்றிய பேச்சுகளெல்லாம் இறுதியில் இவ்வொரு வினாவில் வந்து முடிகின்றன. தகுதி, தரம், திறமை என்று அடுக்கப்படுவனவெல்லாம் இவ்வினாவை மறைக்கத் தொங்கவிட்ட திரைச்சீலைகளே.

விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்கள் போதும். ஒன்றாயிருந்து இரண்டாய்ப் பிரிந்தவை அவை. மழையை நம்பிய புன்செய் நிலம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். உழவரும் கூலியாளரும் நிறைந்த மண்ணிது.

மருத்துவம் இம்மண்ணுக்குப் புதியதன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராய்க் கொண்டு ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டொன்று, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் உள்ளது. அக்கால வழக்குப்படி வடசொல்லால் 'ஆதுலர் சாலை' எனப் பெயர் பெற்ற, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றை அது குறிக்கின்றது. மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குரிய கூலியும், அங்கு இருப்பில் வைத்தற்குரிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவமனைக்கு ஆள் அமர்த்தவும் கூலி வரையறுக்கவும் அறிந்திருந்த நாடு, இன்று தன் மருத்துவரைத் தானே தெரிந்தெடுக்கத் தகுதியற்றதென ஒதுக்கப்பட்டுள்ளது!

குழுமூர் தரும் சான்று

அரியலூர் மாவட்டம் செந்துறைக்கு அருகிலுள்ள சிற்றூர் குழுமூர். அவ்வூர் அனிதா, சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்தவர். அருகிலுள்ள பெரம்பலூர் மாவட்டப் பள்ளியொன்றில் மேனிலைக் கல்வி பயின்று, தி.ஆ. 2048இல் (கி.பி. 2017) 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மருத்துவச் சேர்க்கைக்குரிய கணக்கீட்டில் 200க்கு 196.75. முந்தைய ஆண்டுவரை இருந்த முறை நீடித்திருப்பின் அரசு மருத்துவக் கல்லூரியின் வாயில் அவருக்குத் திறந்திருக்கும். நீட் தேர்விலோ அவர் பெற்றது 720க்கு 86. பன்னிரண்டு ஆண்டுக் கல்வியை ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மணி நேரம் துடைத்தெறிந்தது.

அவ்வாண்டு நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திக் காண்க. ஆண்டின் தொடக்கத்திலேயே தமிழகச் சட்டமன்றம் நீட்டினின்று விலக்கு வேண்டி இரு சட்ட முன்வரைவுகளை ஒருமனமாக நிறைவேற்றித் தில்லிக்கு விடுத்தது. விடை வரவில்லை. ஆகத்துத் திங்களில், ஓராண்டுக்கேனும் விலக்களிக்குமாறு விரைவுச் சட்டம் ஒன்றை வரைந்தது. ஒத்துழைப்போம் என்று நடுவணமைச்சர் ஒருவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆகத்து 22ஆம் நாள் உச்ச நயன்மன்றத்தில் நடுவணரசு கையை விரித்தது. நீட் வரிசைப்படியே இடங்களை நிரப்புக என்று மன்றம் ஆணையிட்டது. அவ்வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டு தில்லிவரை சென்று முறையிட்டவர் அனிதா. செபுதம்பர் 1ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

விடுத்த முன்வரைவுகள் என்னவாயின? அவை 2017 செபுதம்பரிலேயே ஒப்புதல் மறுத்துத் திருப்பப்பட்டன என்னும் செய்தி, 2019 சூலையில், சென்னை உயர் நயன்மன்றத்தில் நடந்த வழக்கின்போதுதான் மக்களுக்குத் தெரியவந்தது. ஏழு கோடி மக்களின் சட்டமன்றம் எழுதிய மடலுக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ இரண்டாண்டு மறைக்கப்பட்டிருந்தது. இதனைக் கூட்டாட்சி என்பார் கூட்டு என்பதன் பொருளும் அறியார். ஆட்சி என்பதன் பொருளும் அறியார்.

அனிதாவுக்குப் பின்னும் அரியலூர் மாவட்டத்திலும் பிற மாவட்டங்களிலும் இளையோர் சிலர் இத்தேர்வின் அச்சத்தால் மாண்டனர். அவர்தம் சாவைப் போற்றிப் பாடுவது தமிழர்க்கு அழகன்று. ஒரு தேர்வுக்காக ஓருயிரும் போதல் கூடாது. போராட வேண்டிய கடன் பிள்ளைகளுக்கு உரியதன்று. பெரியோர்க்கும் ஆட்சியாளர்க்கும் உரியது. பிள்ளைகள் வாழ்தல் வேண்டும். வாழ்ந்து படித்தல் வேண்டும்.

தரம் என்னும் பொய்

நீட் இன்றேல் மருத்துவத்தின் தரம் தாழும் என்பர். எனின், அத்தேர்வு வகுத்த தரம் யாது? 2017இல் பொதுப்பிரிவினர் தேறுதற்குப் போதுமான மதிப்பெண் 720க்கு 131, நூற்றுக்குப் பதினெட்டு! அம்மதிப்பெண் பெற்றவர் பெருஞ்செல்வராயின் தனியார் கல்லூரியில் இடம் பெறலாம். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பெற்ற கூலியாளர் மகள் தகுதியற்றவர். நுழைவுத் தேர்வில் நூற்றுக்குப் பதினெட்டுப் பெற்ற செல்வர் மகன் தகுதியுடையவர். இதுவோ தரம்?

மேற்படிப்புக்குரிய நீட்டின் கதை இதனினும் கேடு. 2023 செபுதம்பரில், இடங்கள் நிரம்பாமையால், தேர்ச்சிக்குரிய எல்லையைச் சுழியாக்கி நடுவண் நலவாழ்வுத் துறை ஆணையிட்டது. தேர்வு எழுதியிருந்தாற் போதும். தவறான விடைகளுக்குக் கழித்துக் கழித்துச் சுழிக்கும் கீழே சென்றவரும் கலந்தாய்வுக்குத் தகுதியுடையவரே. ஏழைப் பிள்ளை கதவைத் தட்டும்போது இரும்பாய் நின்ற தகுதி, விலைபோகாத இடங்களை நிரப்ப வேண்டியபோது மெழுகாய் உருகிற்று. இதன்பின்னும் தரம் தரம் என்பார்க்கு நாவும் கூசவில்லை.

நன்கொடைக் கொள்ளையை நீட் ஒழித்தது என்பர் வேறு சிலர். ஒழிந்தது அக்கொள்ளையின் பெயர் மட்டுமே. முன்பு மறைவாய் வாங்கியதை இன்று கட்டணம் என்னும் பெயரால் வெளிப்படையாய் வாங்குகின்றனர். அதனொடு புதிதாய் ஒரு கொள்ளையும் பிறந்தது. அதுதான் பயிற்சிக் கூடம். நடுவர் ஏ.கே. இராசன் தலைமையில் தமிழக அரசு 2021இல் அமைத்த குழு இதனை எண்களாற் காட்டியுள்ளது. மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தோருள், பள்ளி முடித்து ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மீண்டும் எழுதி வந்தோர் 2016-17இல் நூற்றுக்கு 12.47, 2020-21இல் 71.42. ஈராண்டு, மூவாண்டு வீட்டிலிருந்து, இலக்கக் கணக்கிற் பணங்கட்டிப் பயிலக் கூடியவர் யார்? குழுமூர்க் குடிசையா? பெரம்பலூர்ப் புன்செய் உழவரா? தேர்வு அளப்பது அறிவை என்கின்றனர். அது அளப்பது தந்தையின் பணப்பையை.

தூய்மைக்கேனும் குறைவில்லையா? 2019இல் தேனி மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டம் வெளிப்பட்டது. 2024இல் பீகாரிலும் சார்க்கண்டிலும் வினாத்தாள் முன்கூட்டியே கசிந்தது. அவ்வாண்டு முதலில் வெளியிட்ட முடிவில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தனர். 1563 பேர்க்கு அருள்மதிப்பெண் அளித்துப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றனர். அனைவர்க்குமான மறுதேர்வோ நடக்கவில்லை.

வினாத்தாளில் தமிழ் பட்ட பாடு

தமிழிலும் எழுதலாமே, பின்னும் ஏன் குறை என்று வினவுவோர் உளர். அத்தமிழைச் சற்றே நோக்குக. 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை மலிந்திருந்தது. ஆங்கிலத்தில் சிறுத்தையைக் குறிக்கும் சொல் தமிழில் 'சீத்தா' என அச்சேறியது. விலங்கென்று அறிவதா, பெண்ணின் பெயரென்று அறிவதா, பழமென்று அறிவதா? ஒரு வினாவுக்கு ஒரு மணித்துளியே உள்ள தேர்வில் தமிழ்ப்பிள்ளை விடுகதையவிழ்த்துக் கொண்டிருந்தது.

இதனை எதிர்த்து மாநிலங்களவை உறுப்பினர் தி.க. இரங்கராசன் வழக்குத் தொடுத்தார். மதுரை அமர்வு, அவ்வாண்டு சூலையில், தமிழில் எழுதிய ஒவ்வொருவர்க்கும் 196 மதிப்பெண் அளிக்க ஆணையிட்டது. பத்தே நாளில் உச்ச நயன்மன்றம் அவ்வாணையைத் தடுத்தது. நவம்பரில் முற்றும் நீக்கியது. பிழை செய்த வாரியம் தப்பியது. பிழையைப் படித்த பிள்ளை தண்டம் இறுத்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் நேரின் ஆங்கிலப் படியே முடிவானது என்று தேர்வு விதி கூறுகின்றது. அங்ஙனமாயின் தமிழ் வினாத்தாள் எதற்கு? தமிழில் எழுதலாம், ஆங்கிலம் அறிந்திருத்தல் வேண்டும் என்பதுதானே அவ்விதியின் பொருள்?

அதே ஆண்டில் தமிழ்நாட்டு மாணவர் பலர்க்குக் கேரளத்திலும் இராசத்தானத்திலும் தேர்வுக் கூடம் ஒதுக்கினர். மகனை எறணாகுளத்திற்கு அழைத்துச் சென்ற தந்தை ஒருவர் அங்கேயே இறந்தார். மகன் அப்போது தேர்வுக் கூடத்தில் இருந்தான்.

விளைவு யாது? நீட்டுக்கு முன் மருத்துவக் கல்லூரிகளிற் சேர்ந்தோருள் தமிழ்வழியிற் பயின்றோர் நூற்றுக்குப் பதினான்கு என்னும் அளவில் இருந்தனர். பின்னர் அது நூற்றுக்கு இரண்டு மூன்று என்னும் அளவிற்கு இறங்கியது. இராசன் குழு தரும் கணக்கு இது. தமிழில் படித்தால் மருத்துவராதல் இயலாது என்று சட்டம் இயற்றியிருப்பின் நாடு கொதித்தெழுந்திருக்கும். அச்சட்டத்தை இயற்றாமலே அதன் பயனை ஒரு தேர்வு ஈட்டித் தந்துவிட்டது. தகுதியின் பெயரால் தமிழுக்கு இட்ட தாழ் என்பது இதுவே.

தமிழ்வழி மாணவர் குறைந்தால் நோயாளிக்கு என்ன இழப்பு என்று வினவலாம். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக் கூறுகின்றது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர். நோயாளியை முதற்கண் வைத்தது வள்ளுவம். நோய் இன்னதென்றும், அதன் வேர் இன்னதென்றும் அறியச் சொல்கின்றது. வேரை அறிவது எங்ஙனம்? நோயாளியைக் கேட்டு. 'குத்தல்', 'குடைச்சல்', 'இசிவு', 'கடுகடுப்பு', 'நமைச்சல்' என்று செந்துறைக் கிழவி தன் உடம்பின் துயரை வேறுவேறு சொல்லாற் பிரித்துரைப்பாள். அச்சொற்களின் வேறுபாடு அறிந்தவரே நோயைப் பாதி அறிந்தவர். அவ்வறிவுக்கு நீட்டில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

மனப்பாடக் கல்வி என்னும் குறை

எதிர்தரப்பார் சொல்வதில் ஒன்று மட்டும் மெய். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் பல பள்ளிகளில் மனப்பாடத்தால் வந்ததே. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே விட்ட பள்ளிகளும் இருந்தன. கோழிப்பண்ணை போல் பிள்ளைகளை அடைத்துவைத்துப் படிப்பித்த விடுதிப் பள்ளிகளும் இருந்தன. இதை மறைத்தல் வேண்டா. ஆயின் கூரை ஒழுகினால் கூரையை வேய்வார்; குடியிருப்போரைத் தெருவில் தள்ளார். பாடத்தைத் திருத்துக, வினாவைத் திருத்துக, ஆசிரியரை நிரப்புக. தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018 முதல் புதுக்கியெழுதப்பட்டதே அது இயலும் என்பதற்குச் சான்று. மேலும், மனப்பாடத்தைக் குறைகூறுவோர் அதற்கு மாற்றாய்த் தந்தது யாது? நான்கு விடையுள் ஒன்றைக் கணப்பொழுதில் தெரிந்து கறுப்பிடும் பழக்கம். மனப்பாடத்தினும் அது உயர்ந்ததென்று எந்த ஆசிரியர் சொல்வார்?

நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு அறியாமல் எதிர்க்கவில்லை. 1984இல் தமிழக அரசே அதனைக் கொண்டுவந்தது. இருபதாண்டுக்கு மேல் நடத்திப் பார்த்து, நகரத்தார்க்கும் பயிற்சிக்குப் பணம் உடையார்க்குமே அது பயன்படக் கண்டு, 2006இல் சட்டம் இயற்றி ஒழித்தது. அச்சட்டத்திற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பின்னர் 2021 செபுதம்பர் 13இல் சட்டமன்றம் நீட் விலக்கு முன்வரைவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பினார், 2022 பிப்பிரவரி 8இல் மன்றம் மீண்டும் நிறைவேற்றியது, ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்பிரலில் முதலமைச்சர் மன்றத்தில் அறிவித்தார். 2007இல் அறமாயிருந்தது 2025இல் குற்றமானது எங்ஙனம்? மக்கள் மாறவில்லை, மண் மாறவில்லை. தில்லியின் பிடி இறுகியது என்பதே விடை.

மேற்படிப்பிலும் அதே வலை

இளநிலையோடு இக்கேடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டரசுக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் நூற்றுக்குப் பதினைந்தும், மேற்படிப்பு இடங்களிற் பாதியும் அனைத்திந்தியத் தொகுப்புக்குச் செல்கின்றன. சிற்றூர் மருத்துவ நிலையங்களிற் பணியாற்றும் அரசு மருத்துவர்க்கு மேற்படிப்பிற் பாதி இடம் ஒதுக்கிவந்தது தமிழ்நாடு. மகப்பேற்றுச் சாவு குறைந்ததற்கும் வட்ட மருத்துவமனைகளில் வல்லுநர் கிடைத்ததற்கும் அவ்வேற்பாடு பெருந்துணை. 2017இல் அது பறிபோயிற்று. 2020 ஆகத்து 31இல் ஐந்து நடுவர் அமர்வின் தீர்ப்பால் மீண்டது. 2025 சனவரியிலோ, மேற்படிப்பு இடங்களை மாநிலத்திற் குடியிருப்போர்க்கென ஒதுக்குதல் செல்லாது என்று உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்துவிட்டது. படிப்பு முடிந்தபின் இன்னும் ஓர் அனைத்திந்திய வெளியேற்றத் தேர்வு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டு, நடத்தப்படாது தள்ளிவைக்கப்பட்டுள்ளது. நுழையவும் தில்லி, வெளியேறவும் தில்லி.

மேற்பட்டத்திற்கு ஆய்வேடு கட்டாயம். நன்று, ஆராயாத மருத்துவம் வளராது. ஆயின் அவ்வாய்வு யாருக்காக? அரியலூர்ச் சுண்ணக்கல் தூசியில் உழைப்போரின் மூச்சுநோயை ஆராயலாம். பெரம்பலூர் வயல்களில் மருந்தடிப்போர்க்கு நேரும் கேட்டை ஆராயலாம். அம்முடிவை அம்மக்களே படிக்குமாறு தமிழில் எழுதலாம். இன்று ஆய்வேடு பட்டத்திற்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலக அடுக்கில் உறங்குகின்றது. மண்ணின் பிள்ளை மருத்துவராய் வந்தாலன்றி மண்ணின் நோய் ஆய்வுப்பொருள் ஆகாது.

நம்மவர் பிழை

தில்லியை மட்டும் குறைகூறி அமைதல் அறமன்று. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அங்கு எழுந்த பேரரங்கிற்கு 2023இல் அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. போற்றத்தக்கதே. ஆயின் அவர் பெயர் நுழைந்த கல்லூரியில் அவரைப் போன்றோர் நுழையும் வழி திறந்ததா? அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதற்கும் நீட்டைத் தாண்டியாதல் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் தனியார் கல்லூரி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி இன்றுவரை இல்லை. அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தமிழின் பெயரால் ஆட்சிக்கு வந்தோர் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க ஒரு கல்லூரியும் காணவில்லை.

தமிழில் இயலாது என்பார் யாழ்ப்பாணத்தை நோக்குக. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வி நடத்தினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியல் ஆகியவற்றின் நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்தார். அவர் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவருள் ஏறத்தாழச் சரிபாதியர் தமிழிலேயே பயின்றோர். அந்நூல்களின் சொற்களில் வடமொழி மிகுதி, அதனைத் திருத்திக்கொள்ளலாம். ஆயின் அயலான் ஒருவன் 150 ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டியதை, தமிழன் இன்று இயலாதென்று கைகட்டி நிற்பது எத்தகைய இழிவு! மத்தியப்பிரதேசத்தார் 2022 அக்குதோபரில் இந்தியில் மருத்துவ நூல் வெளியிட்டுவிட்டனர். அவர் தம் மொழியை அரியணை ஏற்றுகின்றனர். நாம் மேடையில் மட்டும் ஏற்றுகின்றோம்.

செய்ய வேண்டுவன

கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குப் பெயர்க்கப்பட்டது. நெருக்கடிநிலைக் காலத்தில், எதிர்ப்போர் பலர் சிறையிலிருக்கப் பறித்த உரிமை அது. அதனை மீட்பதே முதல் வேலை; மீளாதவரை ஒவ்வோராண்டும் விலக்குக் கேட்டுத் தில்லி வாயிலில் நிற்பது ஓயாது. இரண்டாவது, மருத்துவச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடத்தல். அதற்கேற்பப் பள்ளிக் கல்வியைச் செப்பஞ் செய்தல். மூன்றாவது, தமிழ்வழியிற் பயின்றோர்க்கு மருத்துவத்தில் தனி ஒதுக்கீடு. நான்காவது, பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றை எழுப்பி, அதனைத் தமிழ்வழி மருத்துவக் கல்லூரியாகவே தொடங்குதல். கலைச்சொல் இல்லை, நூல் இல்லை என்று தட்டிக்கழித்தல் வேண்டா. கல்லூரி பிறந்தால் நூல் பிறக்கும்.

தமிழ் மக்களே! உங்கள் ஊர் மருத்துவமனையில், உங்கள் நோயை உங்கள் சொல்லிற் கேட்டறியும் ஒருவர் அமர்தல் வேண்டுமா, வேண்டாவா? வேண்டுமெனின், தமிழிற் படித்த பிள்ளை அவ்விருக்கைக்குச் செல்லும் வழியில் இட்ட தாழை உடைத்தாக வேண்டும். ஒப்புதல் தருக என்று எழுதிய மடல்கள் போதும். இனி, உரிமையை உரிமையாகவே கேட்கும் குரல் பெரம்பலூரினின்றும் அரியலூரினின்றும் எழுக, தமிழ்நாடெங்கும் பரவுக!